பீன்யாவில் ஒரு ஜப்பானிய விருந்து

பிறந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர் எவரும் இரண்டு பசிகளை அறிவர். ஒன்று வயிற்றுப் பசி. மற்றொன்று ஊர்ச் சுவைக்கு ஏங்கும் நாவின் பசி. முன்னது வேலை கிடைத்தவுடன் தீர்ந்துவிடும். பின்னது எளிதில் தீர்வதில்லை. அதற்காகத்தான் நம்மவர் தெருத்தெருவாக மெஸ்களைத் தேடினர். ஊரிலிருந்து வரும் உறவினரிடம் புளியும் மிளகாய்த் தூளும் கொண்டுவரச் சொன்னார்கள். பண்டிகை நாளில் பக்கத்து வீட்டாருக்கு ஒரு கிண்ணம் பாயசம் அனுப்பி, அவர் வீட்டு ஒப்பட்டைப் பெற்றுக்கொண்டார்கள். நாங்களும் அவ்வாறு வாழ்ந்தவர்களே. ஆகவே, ஓர் அயல்நாட்டு உணவு விடுதியில் நண்பர் குடும்பங்களோடு உண்ட ஒரு மாலைப் பொழுதைப் பற்றி இவ்விதழில் எழுதப் புகும்போது, "இதில் எழுத என்ன இருக்கிறது?" என்று அன்பர்கள் வினவலாம். இருக்கிறது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. படித்தபின் நீங்களே முடிவு கூறுங்கள்.

பீன்யாவை அறியாத வாசகருக்காகச் சில சொற்கள். பெங்களூரின் வடமேற்கே, துமகூரு செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, 1970களில் உருவாகி வளர்ந்த தொழிற்பேட்டை இது. லேத்துப் பட்டறை, அச்சு வார்ப்பு, முலாம் பூசும் கூடம், ஆயத்த ஆடைத் தொழிற்சாலை என்று எத்திசையிலும் இயந்திர ஓசை. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கங்களிலிருந்து வந்த நம்மவர் பலர் இங்கே தொழில் கற்றனர். சிலர் சொந்தப் பட்டறையும் வைத்தனர். 2014ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சம்பிகே சாலையிலிருந்து பீன்யா வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபின், நகரத்தின் மற்றப் பகுதியினரும் இங்கு எளிதில் வந்து போகின்றனர். உணவுக்குக் குறைவில்லை. நின்றபடியே இட்லி உண்ணும் தர்ஷினி உண்டு. ராகி முத்தையும் சாறும் தரும் கடை உண்டு. ஆந்திர மெஸ்ஸும் பிரியாணிக் கடையும் உண்டு. இவற்றின் நடுவே, மின்பொருள் கடை ஒன்றின் மாடியில், ஆறே மேசைகளோடு ஒரு சிறு ஜப்பானிய உணவு விடுதி இருக்கிறது. 'ஜப்பானிய ஃப்யூஷன்' என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். ஜப்பானியச் சமையலோடு நம் நாட்டுப் பொருளையும் கலந்து சமைப்பது என்று அதற்குப் பொருள்.

ஜப்பான் இவ்வட்டாரத்துக்குப் புதிய பெயரன்று. பீன்யாவுக்கு அருகிலுள்ள ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. நிறுவனம் 1961ஆம் ஆண்டில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து கைக்கடிகாரத் தொழிற்சாலை அமைத்தது. நம் தந்தையர் திருமணத்தில் சீராகப் பெற்றுப் பல்லாண்டு கையில் கட்டியிருந்த எச்.எம்.டி. கடிகாரம் ஜப்பானியர் கற்பித்த தொழிலின் பயனே. அக்கடிகாரத் தொழில் 2016இல் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் அதற்கு முன்னரே, 1997இல் தொடங்கிய டொயோட்டா கிர்லோஸ்கர் நிறுவனம் பிடதியில் கார்த் தொழிற்சாலை அமைத்திருந்தது. ஜப்பானிய நிறுவனங்கள் பெருகப் பெருக, அம்மொழி அறிந்தவர்களுக்கு வேலையும் பெருகிற்று. எங்கள் விருந்துக்குக் காரணம் அதுவே.

எங்களோடு பழகும் குடும்பங்கள் மூன்று. சேலத்து நண்பர் லேத்துப் பட்டறையில் தலைமைத் தொழிலாளி. தூத்துக்குடி நண்பர் சரக்கு வண்டித் தொழில் செய்பவர். எங்களை 'அண்ணாச்சி, மதினி' என்றே அழைப்பார். மூன்றாமவர் துமகூருக் கன்னடர், எங்களுக்கு முதன்முதலாக வாடகை வீடு பார்த்துக் கொடுத்தவர், புலால் உண்ணாதவர். இந்நால்வர் குடும்பங்களும் இருபது ஆண்டுகளாக நன்மை தீமைகளில் ஒன்றாக நின்றவை. சேலத்து நண்பரின் மகள் பொறியியல் முடித்து, மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி பயின்றாள். அம்மொழித் தேர்வில் ஐந்து படிகள் உண்டு. நடுப்படியாகிய மூன்றாவதில் தேறி, ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தாள். "தமிழ் அறிந்ததால்தான் இம்மொழி எளிதாயிற்று, வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது, நம் வேற்றுமை உருபுபோல் அவர்களும் பெயருக்குப் பின்னே ஒட்டுகின்றனர்" என்று அவள் எங்களிடம் கூறுவதுண்டு. இவ்வொற்றுமையைக் கண்டு வியந்த ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ, இரு மொழிகளும் உறவுடையன என்றே வாதிட்டார். மொழியியலாளரில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஏற்காவிடினும், ஒரு சேலத்துப் பெண்ணுக்கு அவ்வொற்றுமை சோறு போடுகிறது.

முதற் சம்பளத்தில் நான்கு குடும்பத்தாரையும் அந்த ஜப்பானிய விடுதிக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது அவள் விருப்பம். அனைவரும் மகிழ்ந்தோம். ஆனால் குறித்த நாளுக்கு முந்திய மாலை, சேலத்து நண்பர் வாடிய முகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "அம்மாவை எப்படி அழைத்துப்போவது என்று தெரியவில்லை. மகளிடம் சொல்லவும் மனம் வரவில்லை" என்றார்.

அவருடைய தாயாரை நாங்கள் பெரியம்மா என்போம். எண்பதைக் கடந்தவர். மலாயாவில், பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டை அடுத்த ரப்பர்த் தோட்டத்தில் 1942இல் பிறந்தவர். அப்போது மலாயா ஜப்பானியர் கையில் இருந்தது. அடுத்த ஆண்டு பெரியம்மாவின் தந்தையை ரயில் பாதை போடும் வேலைக்கு லாரியில் ஏற்றிச் சென்றனர். அவர் திரும்பவில்லை.

சயாம் மரண ரயில் என்று நம் முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை, காட்டையும் மலையையும் குடைந்து, சுமார் 415 கிலோமீட்டர் நீளப் பாதையை ஜப்பானியப் படை 1942இன் நடுப்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. அவ்வேலையில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க் கைதிகள் மாண்டனர். அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக மாண்டவர்கள் ஆசியத் தொழிலாளர். பர்மியரும் மலாய்க்காரரும் சாவகத்தாரும், மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற நம் தமிழரும். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அடியும் அவர்களைக் கொன்றன. மாண்ட கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் உள்ளன. மாண்ட கூலித் தமிழருக்கோ, பெரும்பாலும், பெயரும் இல்லை, கல்லும் இல்லை.

"மகளுக்கு, கொள்ளுத்தாத்தா மலாயாவில் இறந்தார் என்ற அளவே தெரியும். அம்மாவும் அதைப் பற்றிப் பேசமாட்டார். இப்போது ஜப்பானியர் சோற்றை உண்ண வா என்று நான் எப்படி அழைப்பேன்?" என்று நண்பர் வருந்தினார். அவரை மறைத்து விருந்தை மாற்றவும் இயலாது; அவளிடம் சொல்லி முதற் சம்பள மகிழ்ச்சியைக் கெடுக்கவும் இயலாது. நெடுநேரம் பேசினோம். பெரியம்மாவுக்காக நாம் முடிவு செய்வதைவிட அவரையே கேட்பதுதான் முறை என்று கூறினோம். நண்பர் வீட்டுக்குப் போய்க் கேட்டார். பெரியம்மா சொன்ன விடை ஒன்றே: "பேத்தி சம்பாதித்த முதற் பணம். நான் வராமல் வேறு யார் வருவார்கள்?"

மறுநாள் மாலை பதினொருவராக அம்மாடியேறினோம். இரண்டு மேசைகளைச் சேர்த்து இடம் தந்தனர். பெரியம்மா நடுவில் அமர்ந்தார். உணவுப் பட்டியலைக் கண்ட தூத்துக்குடி நண்பர், விலையைப் படித்து மெல்லப் பெருமூச்சு விட்டார். "அண்ணாச்சி, இந்தப் பணத்துக்கு ஒரு மாதத்து அரிசி வாங்கலாமே!" என்று எங்கள் காதோடு சொன்னார். அப்பெண் அதைக் கேட்டுவிட்டு, "மாமா, இன்று விலைப் பக்கத்தைப் பார்க்கக் கூடாது" என்று பட்டியலை வாங்கிக்கொண்டாள்.

முதலில் வந்த சிக்கல் துமகூரு நண்பருக்கு. 'சைவம்' என்று குறித்திருந்த மிசோ சூப்பை அவர் கேட்டார். பரிமாற வந்த இளைஞர், "ஐயா, மற்றவர்களுக்கு வைத்திருக்கும் சூப்பில் மீன் சாரம் இருக்கிறது. தங்களுக்குக் கடற்பாசியிலும் காளானிலும் தனியே வைத்துத் தருகிறோம், சற்றுக் காத்திருக்க வேண்டும்" என்றார். அந்நேர்மை எங்களுக்குப் பிடித்தது. ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படை 'தாஷி' என்னும் சாரம். சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி மரக்கட்டைபோல் காயவைத்துச் சீவி, அச்சீவலை வெந்நீரில் இட்டு அச்சாரத்தை எடுப்பர். அச்சீவலைச் சிறு தட்டில் காட்டியபோது, தூத்துக்குடி நண்பரின் மனைவியார் அதை மோந்து பார்த்து, "இது நம்ம மாசிதானே!" என்று வியந்து கூவினார். உண்மைதான். மாலத்தீவிலிருந்து தூத்துக்குடிக்கும் இலங்கைக்கும் வரும் மாசிக் கருவாடும் அதே சூரை மீனே. வேகவைத்துப் புகையூட்டிக் காயவைப்பதும் அதே முறையே. இலங்கைத் தமிழர் மாசியிட்டுச் சம்பல் அரைக்கின்றனர். ஜப்பானியர் சாரம் இறக்குகின்றனர். கடற்பாசிச் சாரத்திலுள்ள சுவைக்குக் காரணமான குளுட்டமேட் என்னும் பொருளை 1908இல் பிரித்தறிந்து, அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டவர் கிகுனே இகேடா என்னும் ஜப்பானிய வேதியியல் அறிஞர். பெயர் அவர்களுடையது, சுவையை நம் நாவும் முன்பே அறியும்.

பிறகு தட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. முட்டைக்கோசை மெல்ல அரிந்து மாவில் கலந்து வார்த்த 'ஒகோனோமியாகி'யைக் கண்ட குழந்தைகள் ஊத்தப்பம் என்றனர். அதில் ராகி மாவையும் சேர்த்திருந்தார்கள். அதுவே இவ்விடுதியின் கலப்பு. கத்தரிக்காயும் வெங்காயமும் கறிவேப்பிலைக் கொத்தும் மாவில் தோய்த்துப் பொரித்த 'டெம்புரா'வைக் கண்ட எங்கள் வீட்டம்மையார், "பஜ்ஜியை இவ்வளவு மெல்லிய ஆடையில் பொரிக்க எனக்கும் சொல்லித் தரச் சொல்லுங்கள்" என்றார். இப்படிப் பொரிக்கும் முறையை ஜப்பானியர் 16ஆம் நூற்றாண்டில் வந்த போர்த்துக்கீசியரிடம் கற்றனர். ரொட்டியை ஜப்பானியர் 'பான்' என்பதும், இலங்கைத் தமிழர் 'பாண்' என்பதும் அதே போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற ஒரே சொல். பச்சை நிறத்தில் ஒரு பசையை வைத்திருந்தார்கள். வசாபி என்று பெயர். சட்னி என்று எண்ணி எங்கள் இளைய மகன் ஒரு விள்ளல் எடுத்து நாவில் வைத்தான். காரம் மூக்கிலேறிக் கண்ணில் நீர் வழிந்தது. கடுகுக் குடும்பத்துச் செடி அது. கடுகின் நெடிபோலவே நாவைவிட மூக்கைத் தாக்கும்.

இறுதியில் வந்தது 'கரே ரைசு' என்னும் கறிச்சோறு. வெண்சோற்றின் ஒருபுறம் பழுப்பு நிறக் குழம்பு. உருளைக்கிழங்கும் காரட்டும் அதில் மிதந்தன. "இந்தக் 'கரே' என்ற சொல் நம்முடையது. கறி என்று நாம் சொன்னதை வெள்ளையர் 'கர்ரி' என்றனர். அவர்களிடமிருந்து ஜப்பானியர் 'கரே' என்று பெற்றனர். எங்கோ சுற்றி நம் மேசைக்கே வந்திருக்கிறது" என்று அப்பெண் பெருமையோடு விளக்கினாள். எங்கள் பங்குக்கு நாங்களும் ஒரு செய்தி சொன்னோம். ஆங்கிலேயர் வழிச் சென்ற கறி ஒருவகை. இந்தியர் வழிச் சென்ற கறி மற்றொருவகை. 1912இல் தில்லியில் வைசிராய் ஹார்டிஞ்சு மீது குண்டு வீசிய சதியில் தேடப்பட்ட ராஷ் பிகாரி போஸ், 1915இல் ஜப்பானுக்குத் தப்பிச் சென்றார். தோக்கியோவில் நாகமுராயா என்னும் ரொட்டிக் கடைக் குடும்பத்தார் அவரை ஒளித்துக் காத்தனர். அவ்வீட்டு மகளையே அவர் மணந்தார். 1927இல் அக்கடை உணவு விடுதி தொடங்கியபோது, இந்திய முறையிலான கறியை அவர் அங்கு அறிமுகம் செய்தார். இன்றும் அவ்விடுதியின் புகழ்பெற்ற உணவு அது. அதே ராஷ் பிகாரி போஸ்தான் 1943 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய சுதந்திர லீகின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்தார்.

1943 என்ற சொல் எங்கள் வாயிலிருந்து வந்ததும் சேலத்து நண்பர் தலை குனிந்தார். அந்நேரத்தில், துமகூரு நண்பரின் சிறு பேரன் சோற்றுக் குவியலின் நடுவே இரு குச்சிகளையும் செங்குத்தாக நட்டுவைத்து விளையாடினான். அப்பெண் பதறி அவற்றை எடுத்தாள். "அப்படி நடக் கூடாது, கண்ணு. ஜப்பானில் இறந்தவர்களுக்குச் சோறு வைக்கும்போதுதான் அப்படிக் குச்சியை நிறுத்துவார்கள்" என்றாள்.

அதுவரை பேசாதிருந்த பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். "இறந்தவர்களுக்கு அவர்களும் சோறு வைப்பார்களா?" என்று கேட்டார்.

"ஆமாம் அப்பாயி. நம் ஆடி அமாவாசை போல, அவர்களுக்கும் கோடையில் மூதாதையரை வரவேற்று வழிபடும் நாட்கள் உண்டு. ஓபோன் என்று பெயர்."

பெரியம்மா சற்று நேரம் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தம் பேத்தியை நோக்கிச் சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறோம்.

"எனக்கு அப்பா முகம் தெரியாது, கண்ணு. அம்மா சொல்லித்தான் தெரியும். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று சொல்லித் தோட்டத்துக்கு லாரி கொண்டுவந்தார்கள். அப்பா ஏறினார். அம்மா சோறு கட்டிக் கொடுத்தாள். அதே வருசம் என் சின்ன மாமா நேதாஜி பேச்சைக் கேட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். ஒரே வீட்டில் ஒருவர் ஜப்பான்காரனோடு போனார், ஒருவரை ஜப்பான்காரன் கொண்டுபோனான். மாமா திரும்பி வந்தார். அப்பா வரவில்லை. இறந்தார் என்று எவரும் வந்து சொல்லவில்லை. அதனால் அம்மா சாகும்வரை தாலியைக் கழற்றவே இல்லை. என்றைக்கு இறந்தார் என்று தெரியாததால் திதியும் கிடையாது. ஆடி அமாவாசைக்கு ஓர் இலை போடுவோம். அவ்வளவுதான். உன் அப்பனுக்கும் நான் இதையெல்லாம் முழுதும் சொன்னதில்லை."

மேசையில் ஒருவரும் பேசவில்லை. அப்பெண்ணின் கண்கள் நிறைந்துவிட்டன. "அப்பாயி, எனக்குத் தெரிந்திருந்தால் இங்கே அழைத்திருக்க மாட்டேன். இந்த மொழியைக்கூடப் படித்திருக்க மாட்டேன்" என்றாள். பெரியம்மா அவள் கையைப் பற்றினார். "அது எதற்கு? எங்கள் காலத்தில் அவன் என்ன சொல்கிறான் என்றே எங்களவருக்குப் புரியவில்லை. அடித்தபிறகுதான் புரிந்தது. மொழி தெரிந்த ஒருத்தி நம் வீட்டில் இருக்கட்டும். உனக்குச் சம்பளம் என்ன, விடுமுறை எத்தனை நாள் என்று எழுதி வாங்கிக்கொண்டுதானே கையெழுத்துப் போட்டாய்?" என்றார். அவள் ஆம் என்று தலையசைத்தாள். "அப்படியானால் சரி" என்று பெரியம்மா குச்சிகளை ஒதுக்கிவிட்டுக் கையால் பிசைந்து உண்ணத் தொடங்கினார். இரண்டு கவளம் சென்றபின், "குழம்பில் இனிப்பு தூக்கல். ஊறுகாய் இருந்தால் கேள்" என்றார். உப்பிலிட்டுக் காயவைத்த 'உமேபோஷி' என்னும் புளிப்புக் காயைக் கொணர்ந்தனர். அதைத் தொட்டுக்கொண்டதும் அவர் முகம் தெளிந்தது.

அழுகையும் பேச்சும் அடுக்களைவரை எட்டியிருக்க வேண்டும். உணவில் ஏதேனும் குறையோ என்று அஞ்சிச் சமையற்காரரே வெளியே வந்தார். அவர் ஜப்பானியர் அல்லர், மணிப்பூர் இளைஞர். எங்கள் ஊரில் அவித்து நொதிக்கவிடும் சோயா அவரைப் பண்டத்துக்கு ஹவைஜார் என்று பெயர், ஜப்பானியரின் நாட்டோவும் அதே வகைதான், ஆகவே இச்சமையல் எனக்கு எளிதாயிற்று என்று கன்னடமும் இந்தியும் கலந்து கூறினார். பெரியம்மாவின் கதையை அப்பெண் அவருக்குச் சுருக்கமாகச் சொன்னாள். கேட்டதும் அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "அந்தப் பாதை வழியாக வந்த படைதான் எங்கள் ஊருக்கும் வந்தது" என்றார்.

அவர் சொன்னது சரியே. பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்குப் பொருள் அனுப்பவே அந்த ரயில் பாதை போடப்பட்டது. அப்படைதான் 1944இல் இம்பாலையும் கோகிமாவையும் முற்றுகையிட்டது. அதனோடு இந்திய தேசிய ராணுவத்தாரும் சென்றனர்; அவர்களுள் மலாயாத் தமிழரும் இருந்தனர். முற்றுகை தோற்றுப் பின்வாங்கியபோது பசியாலும் நோயாலும் வழியெங்கும் மாண்டனர். தோற்றோடிய சிப்பாய்கள் தம் பாட்டி வீட்டு நெல்லைப் பறித்துச் சென்றதையும், அவர்களில் ஒருவன் மட்டும் கைகூப்பிக் கேட்டு வாங்கி உண்டதையும் அவ்விளைஞர் கூறினார். பாட்டி அப்போது சிறுமியாம். பறித்தவர்களை மறந்தாலும், கேட்டு வாங்கியவனை இறுதிவரை மறக்கவில்லையாம். பெரியம்மா அதைக் கேட்டு, "அவன் தாயும் அவனுக்குத் திதி தெரியாமல்தான் இருந்திருப்பாள்" என்றார்.

இவ்விருந்தினின்றும் நாங்கள் கண்டது யாது? கலப்புச் சமையல் என்றால் இக்காலத்து நாகரிகப் பித்து என்று நம்மில் சிலர் நகைக்கின்றனர். நம் சமையலே கலப்புத்தான். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் கடல் கடந்து வந்தவை. பெங்களூரார் பெருமை பேசும் ரவை இட்லியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரின்போது அரிசி கிடைக்காமையால் ரவையைக் கொண்டு இட்லி வார்த்ததாக மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்னும் எம்.டி.ஆர். விடுதியார் கூறுகின்றனர். அரிசித் தட்டுப்பாட்டுக்குப் பெரும் காரணம் ஒன்று, 1942இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. பெரியம்மாவின் தந்தையைக் கொண்டுபோன அதே போர்தான், நாம் ஞாயிறு காலையில் நெய்யூற்றி உண்ணும் ரவை இட்லியையும் தந்தது. உணவு இவ்வாறெல்லாம் பிறக்கிறது. வறுமையும் போரும் வணிகமும் குடிபெயர்ச்சியும் அடுக்களைக்குள் வந்து போன தடத்தை நாம் சுவை என்கிறோம்.

ஆகவே அயலார் உணவை வெறுக்கவும் வேண்டா; அதன் வரலாற்றை மறந்து உண்ணவும் வேண்டா. இன்றைய ஜப்பானிய இளைஞர் பெரியம்மாவின் தந்தையைக் கொண்டுபோகவில்லை. பேத்தி அவர்களிடம் வேலை செய்வதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் யார் எங்கே, எந்தப் பெயரோடு மாண்டார் என்று அவள் அறிந்திருக்க வேண்டும். அறியாமல் உண்பதைவிட அறிந்து உண்பது அவளுக்கும் நல்லது, அவள் பழகப்போகும் ஜப்பானியர்க்கும் நல்லது. நட்பு என்பது கணக்கை அழித்துவிட்டுத் தொடங்குவதன்று. கணக்கு இன்னதென்று இருவரும் தெரிந்துகொண்டு தொடங்குவது. பெங்களூரில் வாழும் நமக்கு இது ஜப்பானியரைப் பற்றிய பாடம் மட்டுமன்று. காவிரிக் கலவரங்கள் 1991இலும் 2016இலும் இந்நகரத்தில் மூண்டதை நாம் மறக்கவில்லை. மறவாமலே துமகூரு நண்பரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்கிறோம். அவரும் மறவாமலே எங்களோடு அமர்கிறார். அதனால்தான் அந்நட்பு இருபது ஆண்டு நிலைத்தது.

கணக்குச் சீட்டு வந்தபோது ஆண்கள் மூவரும் பைகளில் கையிட்டோம். பெரியம்மா எங்களை உறுத்துப் பார்த்தார். அப்பெண்ணே பணம் கட்டினாள். கட்டியபின் ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து, கொள்ளுத்தாத்தாவின் பெயர், அவர் தந்தை பெயர், தோட்டத்தின் பெயர், லாரி ஏறிய காலம் ஆகியவற்றைப் பெரியம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். தமிழில் ஒருமுறையும் ஜப்பானிய எழுத்தில் ஒருமுறையும் எழுதினாள்.

சங்க அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று. மலாயா, பர்மா, இலங்கை என்று கடல் கடந்து சென்று, மீண்டு வந்து, பின் இந்நகரத்தில் குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 1964 ஒப்பந்தத்தின்பின் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியோர் உண்டு. வேலை அனுமதிச் சீட்டு இன்மையால் 1970 வாக்கில் மலேசியத் தோட்டங்களை விட்டு வந்தோர் உண்டு. அவர்களில் நேரில் கண்டவரும், கண்டவர் வாயால் கேட்டவரும் இன்று முதுமையின் எல்லையில் இருக்கின்றனர். அடுத்த முறை வீட்டில் நல்லது நடந்து, எங்கேனும் உண்ணச் செல்வீர்களாயின், முதியோரை "அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது" என்று வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். நடுவில் அமர்த்துங்கள். அவர்கள் பேசத் தொடங்கினால் குழந்தைகளைக் கேட்கச் சொல்லுங்கள். பெயர்களையும் ஊர்களையும் ஆண்டுகளையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கல்லில் பொறிக்கப்படாத பெயர்கள் தாளிலேனும் இருக்கட்டும்.